கூட்டு எடை

ஜனவரி 5

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இந்த வீட்டில் பால் டீ ஒழிக்கப்பட்டுவிட்டது.

நேற்று மாலை சமையலறையில் நானும் உங்கள் மகளும் கூடிப் பேசியதில் இந்த முடிவு எடுக்கப்பட்டது. ஆதரவாக ஒரு வாக்கும் எதிராக ஒரு வாக்கும் விழுந்தன. எதிர்த்து வாக்களித்தவர் அந்த நேரத்தில் கையில் பால் டீ டம்ளரைப் பிடித்திருந்ததால், சொந்த நலன் கலந்த வாக்கு என்று அதைச் செல்லாததாக்கினேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். இன்று காலை முதல் கிரீன் டீ. ஒரு நாகரிகம் முடிந்து இன்னொன்று தொடங்கும்போது சமையலறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பால்காரரிடம் நானே நேரில் சொன்னேன். அவர் அதிர்ச்சியை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இதை ஏன் கடிதத்தில் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். புகைப்படத்தில் உங்கள் மகள் பருத்துத் தெரிவதற்கு எங்கள் தொழிற்சாலை பிஸ்கட்தான் காரணம் என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னீர்கள். நான் பதில் சொன்னேன். இருவருக்கும் குரல் உயர்ந்தது. 'இனி எதுவானாலும் எழுத்தில்தான்' என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நாற்பது வருடம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவரின் சொல் என்பதால் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் புது இயக்குநர், பிஸ்கட் செய்கிறவர்கள் பிஸ்கட் மாதிரி இருக்க வேண்டும், பன் மாதிரி இருக்கக் கூடாது என்று கருதுகிறார். அதனால் ஊழியர்களுக்கு 'ஆரோக்கியத் தம்பதி' என்று ஒரு போட்டி. கணவனையும் மனைவியையும் ஒரே தராசில் சேர்த்து நிறுத்துவார்கள். ஜூன் கடைசிக்குள் யாருடைய கூட்டு எடை அதிகம் குறைகிறதோ அவர்களுக்குப் பரிசு. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைப் பதவியும் அப்போதுதான் காலியாகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று இயக்குநர் இரண்டு முறை சொன்னார்.

என் எடையை நான் குறைக்க முடியாது. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் பிஸ்கட் எடுத்துத் தின்று பார்ப்பது என் உத்தியோகம். உங்கள் மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் தின்று பார்க்க எதுவும் இல்லை. ஆகவே கூட்டு எடையில் குறைய வேண்டிய பங்கு முழுவதும் நியாயமாகவே அவளைச் சேர்கிறது.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை


ஜனவரி 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆசிகள். தங்கள் கடிதம் கிடைத்தது. படித்தேன். பிழை திருத்தினேன். கோப்பில் வைத்தேன்.

பாப்பாவின் எடை குறைய வேண்டும் என்பதில் நமக்குள் தாவா எதுவும் இல்லை. பிறந்த அன்றே அவள் மருத்துவமனைத் தொட்டிலை நிறைத்துக்கொண்டுதான் கிடந்தாள். அவளுடைய அம்மா இருந்தவரை ஊட்டியே கெடுத்தாள். அம்மா போன பிறகு கண்டிக்க நான் ஒருவன்தான். அதற்குள் தாங்கள் வந்து கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஆனால் முறையில் எனக்குக் கடும் ஆட்சேபம் உண்டு. இலையைத் தண்ணீரில் போட்டுக் குடித்து யானை இளைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது இலையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. லங்கணம் பரம ஔஷதம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் திங்களும் வியாழனும் பட்டினி. என் வயிறு தட்டினால் மேசை மாதிரி சத்தம் கேட்கும். தங்கள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் தங்களுடைய தொழில் பக்திதான் என் நினைவுக்கு வருகிறது.

பாப்பாவுக்குப் பட்டினி போடுங்கள். செலவில்லாதது, பக்க விளைவில்லாதது, பரம்பரையாக வந்தது.

தங்கள் நலம் விரும்பும்,
மாமனார்


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

யானை விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். பட்டினி விஷயத்தை ஏற்பதற்கில்லை. பிஸ்கட் தொழிற்சாலை ஊழியன் வீட்டில் பட்டினி என்று வெளியே தெரிந்தால் நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும்?

கிரீன் டீ பற்றி நான் படித்தவரை, அது இதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது, பல்லுக்கு நல்லது. கொழுப்பைக் கரைக்கிறது, சர்க்கரையை அடக்குகிறது, முதுமையைத் தள்ளிப்போடுகிறது. ஒரே இலை இத்தனை வேலையைச் செய்வதைப் பார்த்தால் எங்கள் பிரிவில் நாலு பேரைக் குறைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு மாதம் ஆகியும் தராசு முள் நகரவில்லை. குறை பொருளில் இல்லை, உபயோகிப்பவரிடம் இருக்கிறது என்பது எங்கள் துறையின் முதல் பாடம். கவனித்தேன். வரவேற்பறைப் பூந்தொட்டி மட்டும் திடீரென்று செழித்திருந்தது.

கேட்டேன். "அந்தக் கசப்பைக் குடிக்கிறதுக்கு நான் குண்டாவே இருந்துட்டுப் போறேன். செடி ஒண்ணும் சொல்லல, அது பாட்டுக்குக் குடிக்குது" என்றாள்.

ஆகவே குவளையை விட்டு கேப்சூலுக்கு மாறிவிட்டோம். கிரீன் டீயிலிருந்து சாறு எடுத்து, சுண்டவைத்து, தூளாக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரு கேப்சூலில் பல குவளைகளின் பலன் என்று புட்டியில் போட்டிருக்கிறது. கசப்பும் இல்லை. பூந்தொட்டிக்குப் போகவும் வழியில்லை. என் எதிரில் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். தொழிற்சாலையிலும் அடுப்பை விட்டு வரும் தட்டை அப்படித்தான் பார்க்கிறோம், இரண்டு பக்கமும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். ஆனால் இது அமிர்தம் இல்லை, வெறும் டீ.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை


மார்ச் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆசிகள். பாப்பா நேற்று தொலைபேசியில் பேசினாள். எழுத்தில்தான் என்ற விதி தங்களுக்கும் எனக்கும் இடையில் மட்டும் என்பதால் அவளிடம் பேசுவதற்குத் தடையில்லை. எடை குறைந்ததா என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாள். கேப்சூல் தோற்றது என்று இதன் மூலம் பதிவாகிறது.

பிறகு பட்டினியின் மேன்மையை விளக்கினேன். அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "அப்பா, நீங்களும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டிருக்கலாம். எவ்வளவு பொருத்தம்! நடுவுல நான் எதுக்கு?"

பெரியவர்களிடம் பேசும் பேச்சா இது? தாங்கள் கண்டிக்க வேண்டும்.

அதன் பிறகு அவள் வேறு தொனியில் ஒன்று கேட்டாள். நாம் இருவரும் சமாதானமாகிவிட்டால் நான் அங்கே வந்து கொஞ்ச நாள் தங்குவேனா என்று. அவளுடைய அம்மா காரியத்துக்குப் பிறகு நான் அங்கே வரவில்லை என்பது உண்மைதான். நியாயமான நிபந்தனைகள் இருந்தால் சமாதானத்துக்கு நான் எப்போதும் தயார் என்றேன். "நிபந்தனை எதுவா இருந்தாலும் நான் ஒத்துக்கறேன்" என்றாள்.

ஆகவே பின்வரும் சமரசத்தை முன்மொழிகிறேன். தங்கள் கேப்சூலும் இருக்கட்டும். என் பட்டினியும் இருக்கட்டும். காலையில் கேப்சூல், பிறகு பொழுது சாயும்வரை தண்ணீர் மட்டும். யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை.

மாமனார்


மார்ச் 9

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

சமரசத்தை மனமார வரவேற்கிறேன். நம் குடும்பத்தில் இருவர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது இதுவே முதல் முறை.

ஒரே ஒரு தொழில்நுட்பச் சிக்கல். உணவுக்குப் பின் சாப்பிடவும் என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஏற்பாட்டில் காலை உணவே கிடையாது. அச்சிட்ட அறிவுறுத்தலை மீறுவது தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற என்னால் முடியாத காரியம். சட்டப்படி இதற்கு வழி உண்டா என்று தெரிவிக்கவும்.

உங்கள் மகளிடம் சமரசத்தைச் சொன்னேன். "சமாதானம் ஆயிட்டீங்கல்ல, அது போதும்" என்றாள். மாடியறையைக் கூட்டிப் பெருக்கி, உங்களுக்கு மெத்தை போட்டு வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை


மார்ச் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்கள் குறிப்பிட்ட அறிவுறுத்தலைப் பரிசீலித்தேன். உணவுக்கு எவ்வளவு நேரம் பின்பு என்று அதில் வரையறை இல்லை. வரையறை இல்லாத இடத்தில் உபயோகிப்பவருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் மரபு. முந்தின இரவு சாப்பிட்டது உணவே. மறுநாள் காலை அதற்குப் பின்பு வருவதே. எனவே மீறல் எதுவும் இல்லை. தைரியமாகக் கொடுக்கலாம்.

மாடியறையில் எனக்கு மூச்சு வாங்கும். அந்த விஷயம் பிறகு பார்ப்போம்.

மாமனார்


ஏப்ரல் 13

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மகிழ்ச்சியான செய்தி. தராசு முள் நகர்ந்துவிட்டது. நகர்ந்தது மட்டுமல்ல, சரிந்துவிட்டது. இந்த மாத எடை பார்ப்பில் எங்கள் கூட்டு எடைதான் முதலிடம். நான் இரண்டு கிலோ கூடியும் முதலிடம் என்பதைக் கவனிக்கவும். இயக்குநர் எல்லார் முன்னிலையிலும் உங்கள் மகளுக்குக் கைகொடுத்தார். "நீங்கள்தான் இந்த நிறுவனத்தின் விளம்பரம்" என்றார். அவளுக்குத் தலை சுற்றியதால் பதில் சொல்ல முடியவில்லை. அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பசியே எடுப்பதில்லை என்கிறாள். மாலையில் தட்டு வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. குமட்டுகிறதாம். முன்பெல்லாம் பசியை அடக்கவே நாம் பாடுபட்டோம். இப்போது பசி தானாகவே ராஜினாமா செய்துவிட்டது. கிரீன் டீயின் இந்தக் குணத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வாழ்த்துகள். ஆனால் ஒரு திருத்தம். பிப்ரவரியில் கேப்சூல் மட்டும் இருந்தபோது முள் அசையவில்லை. பட்டினி சேர்ந்த பிறகுதான் அசைந்தது. ஆகவே பெருமை எதைச் சேரும் என்பதைச் சிறு குழந்தையும் சொல்லும். தங்கள் இயக்குநரிடம் இதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பெருமையில் பாதிக்குப் பாதி என்றுகூட நான் கேட்கவில்லை. முக்காலுக்குக் கால் என்றால் கையெழுத்திடத் தயார்.

உடம்பெல்லாம் அரிக்கிறது, இரவில் தூக்கமில்லை என்று பாப்பா சொன்னாள். பட்டினியில் உள்ளிருக்கும் கழிவு தோல் வழியாக வெளியேறும். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது, ஆனால் இவ்வளவு இல்லை. அவளிடம் கழிவு அதிகம்.

அப்பா எப்ப வருவீங்க என்று மறுபடியும் கேட்டாள். பெருமைப் பங்கீடு முடியட்டும் என்று சொன்னேன்.

மாமனார்


மே 18

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

பங்கீடு பற்றி நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில் எழுத நினைத்திருந்தேன். இடையில் ஒரு சிறு தடங்கல்.

சனிக்கிழமை கடையில் ஒரு பெரியவருக்குப் புது ஃப்ரேம் மாட்டிவிட்டு, முகம் பார்க்கக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் இவளைப் பார்த்து, "ஏம்மா, உன் கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவள் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்புவது அந்தக் கடையில் கூடாது என்று கடைக்காரர் வருத்தப்பட்டாராம்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். காமாலை, கல்லீரல் வீங்கியிருக்கிறது, ஏதாவது கிருமியாக இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்தார்கள். "வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் தலைவலி மாத்திரைகூடக் கிடையாது டாக்டர், கிரீன் டீயைத் தவிர எதுவும் உள்ளே போவதில்லை என்று பெருமையாகவே சொன்னேன். "கிரீன் டீ ஒண்ணும் பண்ணாது, ரெண்டு மூணு கப் குடிக்கட்டும்" என்றார். உங்கள் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டருக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. எழுப்பி அழைத்துவந்துவிட்டேன்.

டாக்டரே அனுமதித்துவிட்டதால் கேப்சூல் தொடர்கிறது. ஓய்வெடுக்கச் சொன்னார்கள், எடுக்கிறாள். எடை இன்னும் இறங்குகிறது. ஜூன் கடைசிவரை இப்படியே போனால் இரண்டாமிடத்துக்காரர் எட்டிப்பிடிக்க முடியாது.

மாப்பிள்ளை


மே 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

டாக்டரிடம் தாங்கள் அளித்த பதிலைப் படித்து மகிழ்ந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு மௌனம். நாற்பது வருடத்தில் இப்படிப்பட்ட சாட்சி எங்களுக்கு நாலைந்து பேர்தான் கிடைத்தார்கள். பட்டினியைப் பற்றி அவர் கேட்கவில்லை, தாங்களும் சொல்லவில்லை. மிகவும் சரி. டாக்டர்கள் சாப்பிடச் சொல்லியே பழகியவர்கள். அவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

காமாலைக்குப் பட்டினியை விடச் சிறந்தது கிடையாது. மாலை உணவையும் நிறுத்திப் பார்க்கலாம்.

பாப்பா இந்த வாரம் தானாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது எடுத்து, யார் என்று கேட்டாள். அப்பா என்றேன். "எந்த அப்பா?" என்றாள். இந்தக் கிண்டலை எல்லாம் தாங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

மாமனார்


ஜூன் 3

மாமா அவர்களுக்கு,

அது கிண்டல் இல்லை. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் சேரும் விஷம் மூளையைக் குழப்புமாம். திங்கட்கிழமை பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டேன். விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

சேர்த்த அன்று கொஞ்சம் தெளிவாக இருந்தாள். இங்குள்ள பெரிய டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். அப்போது உங்கள் மகள், உங்களையும் கேட்காமல் என்னையும் கேட்காமல், கைப்பையிலிருந்து கேப்சூல் புட்டியை எடுத்து அவருடைய மேசையில் வைத்தாள். "இதுதான் அவர் சொல்ற டீ. வெறும் வயித்துல. அப்புறம் சாயங்காலம்வரைக்கும் பச்சத் தண்ணி. அது எங்க அப்பாவோட பங்கு" என்றாள்.

டாக்டர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"டீயா குடிச்சிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். நானே குடிக்கிறேன். இது டீ இல்ல சார். பத்து, பன்னிரண்டு கப்புல இருக்கிறத சுண்டவச்சு ஒரே வாயில போடறது. வயித்துல சோறு இருந்தா கொஞ்சம் தாங்கும், காலி வயித்துல நேரா போய் கல்லீரல்ல அடிக்கும். எல்லாருக்கும் இப்படி வராது. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லவும் முடியாது. கண்ணு மஞ்சளான அன்னிக்கே நிறுத்தியிருந்தா பெரும்பாலும் தானா சரியாகியிருக்கும்."

டாக்டரின் அனுமதியோடுதான் தொடர்ந்தோம் என்று சொன்னேன். அவர் என்னை ஏதோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

'காலி வயித்துல' என்று அவர் அழுத்திச் சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும். காலி வயிறு யாருடைய யோசனை என்பது மார்ச் 2 தேதியிட்ட உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

மாப்பிள்ளை


ஜூன் 6
மருத்துவமனை, கீழ்த்தளக் காத்திருப்புக் கூடம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வந்து சேர்ந்தேன். தாங்கள் மேல்தளத்தில் இருப்பதாக வரவேற்பு மேசைப் பெண் சொன்னாள். விதி விதிதான் என்பதால் இதை எழுதி அவளிடம் கொடுக்கிறேன். பதிலையும் அவளிடமே கொடுக்கலாம். தாங்கள் சாப்பிடக் கீழே இறங்கும் நேரத்தில் நான் லிஃப்டில் மேலே போய் பாப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடையாளம் தெரிந்துகொண்டாள். "வந்துட்டீங்களாப்பா. அவர்கிட்ட பேசினீங்களா?" என்று கேட்டாள். எழுத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கிறது, நீர் கோத்திருக்கிறதாம். மற்றபடி நன்றாக இளைத்திருக்கிறாள்.

தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை முழுமையாக மறுக்கிறேன். வாரம் இரண்டு நாள் பட்டினி கிடக்கும் நான் கல்லுமாதிரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பட்டினி குற்றவாளி என்றால் நான் எப்போதோ தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். கேப்சூலை வாங்கியவர் தாங்கள். விழுங்கியதைச் சரிபார்த்தவர் தாங்கள். நாக்கைத் தூக்கச் சொன்னவரும் தாங்கள்.

மாமனார்


ஜூன் 9
மூன்றாம் தளம்

மாமா அவர்களுக்கு,

வேறு கல்லீரல் பொருத்துவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். உறவினர் ஒருவர் தன்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்கலாமாம், அது மறுபடியும் வளர்ந்துவிடுமாம். என்னைச் சோதித்தார்கள். என் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிந்திருக்கிறது, உதவாது என்கிறார்கள். நிறுவனத்துக்காக உழைத்த கல்லீரல். உங்களைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 10
கீழ்த்தளம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சோதித்தார்கள். இந்த வயதில் இவ்வளவு சுத்தமான கல்லீரலைப் பார்த்ததில்லை என்று அந்த இளம் டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். அதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆனால் வயது வரம்பைத் தாண்டிவிட்டேன் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள்.

தங்களுடையது உதவாது என்பதில் எனக்கு வியப்பில்லை. தாங்கள் சில வாரங்கள் பட்டினி இருந்தால் கொழுப்பு கரையுமா என்று கேட்டேன். கரையும், ஆனால் நோயாளிக்கு வாரக்கணக்கில் அவகாசம் இல்லை என்றார்கள். ஜனவரியிலேயே தாங்களும் சேர்ந்து ஆரம்பித்திருக்கலாம்.

மாமனார்


ஜூன் 13, காலை
மூன்றாம் தளம்

மாமா அவர்களுக்கு,

கல்லீரல் கிடைத்துவிட்டது. விபத்தில் இறந்துபோன ஒருவருடையது. வீட்டார் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பட்டியலில் உங்கள் மகள்தான் முதலில் இருக்கிறாள். அவளுக்கு நினைவில்லாததால் நெருங்கிய உறவினர் இருவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கணவனும் தகப்பனும். மாலை நான்கு மணிக்குள் இரண்டு கையெழுத்தும் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். எடுத்த கல்லீரல் அதிக நேரம் காத்திருக்காதாம்.

படிவத்தை இணைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். நீங்கள் போட்டுக் கொடுக்கவும்.

மாப்பிள்ளை


ஜூன் 13, பிற்பகல்
கீழ்த்தளம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

படிவத்தைப் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கில்லை. நோய்க்கான காரணம் என்ற இடத்தில் 'பட்டினியின்போது உட்கொண்ட கிரீன் டீ சாறு கேப்சூல்கள்' என்று எழுதப்பட்டிருக்கிறது. 'பட்டினியின்போது' என்பதை நான் ஏற்க முடியாது. அதற்குக் கீழே கையெழுத்திட்டால் ஒப்புக்கொண்டதாகும். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் தாங்கள் சுருக்கொப்பம் இட்டு அனுப்பினால், நான் உடனே கையெழுத்திடுகிறேன். இது ஒரு நிமிட வேலை.

மாமனார்


ஜூன் 13, பிற்பகல்
மூன்றாம் தளம்

மாமா அவர்களுக்கு,

அந்தச் சொல்லை அடித்தால் மிச்சம் இருப்பது கேப்சூல் மட்டும். அதாவது நான் மட்டும். டாக்டர் தன் கையால் எழுதியதை அடிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அடித்ததன் மேல் மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். இருவர் பங்கும் இருக்க வேண்டும். சமரசம் என்று சொன்னது நீங்கள்தான்.

படிவத்தை வாங்கிக்கொண்டு இறங்கிய நர்ஸ், "ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்ல வந்தா நான் ஏன் சார் இப்படி ஓடணும்?" என்றாள். அது நிர்வாகம் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

மாப்பிள்ளை


ஜூன் 13, மாலை
கீழ்த்தளம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

திருத்தத்தின் மேல் திருத்தம் செய்யப்பட்ட ஆவணம் எந்த இடத்திலும் செல்லாது. ஆகவே வரவேற்பு மேசையில் புதுப் படிவம் வாங்கி, காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, என் கையெழுத்தை இட்டு அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் பாதகமில்லாத ஏற்பாடு இதுதான். விட்டுக்கொடுத்தது நான் என்பது பதிவாகட்டும்.

மாமனார்


ஜூன் 14
மூன்றாம் தளம்

மாமா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய புதுப் படிவம் நேற்று நாலேகாலுக்கு என் கைக்கு வந்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நர்ஸ் வாங்கிக்கொள்ளவில்லை. கல்லீரல் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போய்விட்டது.

உங்கள் மகள் இன்று காலை ஆறரை மணிக்கு இறந்துவிட்டாள். படுக்கையை மதியத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை